ஓலைப்பெட்டி முடைய விரும்புவோர் கவனத்துக்கு

ஓலைப்பெட்டி முடையக் கற்றுக்கொள்வதென்று முடிவெடுத்துவிட்டீர்கள். சந்தோஷம். யோகா வகுப்பு பாதியில் நின்றுவிட்டது, சுடுமண் சட்டி செய்து பார்த்தாயிற்று, மாடியில் வைத்த தக்காளிச் செடி போன கோடையோடு போய்ச் சேர்ந்தது. அடுத்தது இதுதான். முடிவெடுத்த கையோடு அதை நாலு பேருக்குச் சொல்லிவிடுங்கள். பெட்டி முடிந்தபிறகு சொல்லலாம் என்று காத்திருந்தால், சொல்வதற்கான சந்தர்ப்பம் வராமலே போகலாம்.

எதில் முடைவது என்பதில் கொஞ்சம் குழப்பம் வரும். மூங்கில் பக்கம் போகாதீர்கள். மூங்கிலைப் பிளக்க அரிவாள் பிடிக்கத் தெரியவேண்டும். விரலில் சிலாம்பு ஏறினால் ஊசி வைத்து எடுக்க வீட்டில் ஒருவர் வேண்டும். தவிர, மூங்கில் கொஞ்சம் வில்லங்கமான சரக்கு. தாவரவியல்காரர்கள் அதைப் புல் என்பார்கள். 1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம் அதை மரம் என்றது. மரம் என்றானபிறகு வெட்டுவதற்கும் வண்டியேற்றுவதற்கும் சீட்டு, கையெழுத்து, ரப்பர் ஸ்டாம்பு எல்லாம் வரத்தானே செய்யும்? புல்லுக்குக் கொடுத்த மரப் பட்டத்தைத் திரும்ப வாங்க 2017இல்தான் சட்டத்துக்குத் திருத்தம் வந்தது. தொண்ணூறு வருடம் பொறுத்திருந்த மூங்கில்காரர்களிடம் போய் நீங்கள் வார இறுதியில் கற்றுக்கொள்ளலாமா என்று கேட்பது நன்றாக இருக்காது.

பிளாஸ்டிக் வயர் கூடையும் வேண்டாம். அதில் வேறு ஆபத்து: நீங்கள் அதை உண்மையிலேயே முடித்துவிடக்கூடும். ரோல் வாங்கி, முழம் போட்டு வெட்டி, வெட்டிய வயர்களை ஓடுகிற வயரோடு வரிசையாக முடிச்சுப் போட்டுக்கொண்டே போனால் அடித்தட்டு வந்துவிடும். சாதா முடிச்சில் ஆரம்பித்து நெல்லிக்காய், பிஸ்கட், சிவன் கண் என்று படிப்படியாகத் தேறலாம். பள்ளிக்கூடம் விட்ட கோடையில் பெரியம்மாவோ பக்கத்துவீட்டு அக்காவோ சொல்லிக்கொடுத்து, கைப்பிடி மட்டும் பாக்கி என்று பரணில் ஏறிய கூடை இன்றும் பல வீடுகளில் உண்டு. கைப்பிடி போட்டுக் கீழே இறங்கிய கூடைகளோ சாவதே இல்லை. காய்கறி, ரேஷன் அரிசி, பழனிக்குப் போன சட்டைத்துணி, ஆஸ்பத்திரிக்குப் போன பிளாஸ்க் எல்லாம் சுமந்துவிட்டு, அடியில் நாலு குமிழ் தேய்ந்தபின்னும் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். உங்களுக்கு வேண்டியது உபயோகமான கூடை இல்லை. உங்களுக்கு வேண்டியது பாரம்பரியம். ஆகவே பனை.

பனையைத் தேர்ந்தெடுத்தது நல்ல முடிவு. மாநில மரம். அதற்கு 801 பயன் உண்டு என்று சொல்வது வழக்கம். பேச்சின் நடுவில் நீங்களும் இந்த எண்ணைச் சொல்லலாம், யாரும் எண்ணிக் காட்டச் சொல்லமாட்டார்கள். செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, மணப்பாட்டில் ஓலை வேலை பிரசித்தம், யாழ்ப்பாணத்தில் பிட்டு அவிக்கிற நீத்துப்பெட்டியே பனையோலைதான் என்று மூன்று தகவலைக் கைவசம் வைத்துக்கொண்டால் எந்தச் சபையிலும் தப்பிக்கலாம். திருச்செந்தூர் போய்விட்டு வரும்போது சில்லுக்கருப்பட்டி வாங்கி வந்திருப்பீர்கள். அது ஓலைப்பெட்டியில்தான் வந்தது. கருப்பட்டி தீர்ந்ததும் பெட்டியை எங்கே போட்டீர்கள் என்பதை மட்டும் சபையில் சொல்லவேண்டாம்.

இனி ஓலைக்கு வருவோம். இந்த இடத்தில்தான் பெரும்பாலான வழிகாட்டிகள் 'தேவையான பொருட்கள்: ஓலை, கத்தி, தண்ணீர்' என்று எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். ஓலை ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்காது. அது எழுபது எண்பது அடி உயரத்தில், கிளையில்லாத, பிடிமானமில்லாத, செதிலேறிய ஒரு கறுப்பு மரத்தின் உச்சியில் இருக்கிறது. நீங்கள் ஏறப்போவதில்லை. ஏறுகிறவரைப் பிடிக்கவேண்டும்.

பிடிப்பதற்கு எளிய உபாயம், ஊருக்குள் போய் "இங்கே பனையேறி யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்பது. ஒருவர் இருந்தார், இப்போது முட்டு வலி என்பார்கள். அவருடைய மகன் என்று கேட்டால் திருப்பூர் என்பார்கள், துபாய் என்பார்கள், சென்னையில் ஆட்டோ என்பார்கள். மரம் நிற்கிற தோட்டத்துக்காரர், "யாராவது ஏறினா சொல்லுங்க, எனக்கும் நுங்கு வெட்டணும்" என்று உங்களிடமே விண்ணப்பம் போடுவார். இப்போதுதான் ஒரு விஷயம் உங்களுக்குப் பிடிபட ஆரம்பிக்கும். ஓலைக்கென்று தனியாக யாரும் பனை ஏறியதில்லை, கூலி கட்டாது. பாளை சீவ ஒரு நாளைக்குக் காலையும் மாலையும் ஏறுகிறவர், சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டிப் பதநீர் இறக்குகிறவர், மேலே போன கையோடு ஓலையும் கழிப்பார். அந்த ஓலை கீழே விழும்; வீட்டுப் பெண்கள் இழுத்துக்கொண்டுபோய்க் காயப்போடுவார்கள். பெட்டி என்பது பதநீருக்கு வால். பதநீர் நின்றுபோன ஊரில் முடையத் தெரிந்த கைகள் நாற்பது இருந்தாலும் பெட்டி கிடையாது. கைத்தொழிலைக் காப்பாற்றப் புறப்பட்ட நீங்கள் முதலில் பதநீர் குடிக்கவேண்டியிருக்கும். அதற்கும் அதிகாலையில் எழவேண்டும்.

இன்னொரு சிக்கல், மரம் இருக்கிறதா என்பது. செங்கல் சூளைக்கு விறகாகப் போன பனைகளுக்குக் கணக்கு வழக்கு இல்லை. 2021இல் தமிழ்நாடு அரசு, பனையை வெட்டவேண்டுமென்றால் மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று அறிவித்தது. நல்ல காரியம். வெட்டுவதற்கு ஆட்சியர் இருக்கிறார். ஏறுவதற்குத்தான் ஆள் இல்லை.

எப்படியோ ஒருவர் சிக்கிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அவரிடம் எந்த ஓலை வேண்டும் என்று சொல்லத் தெரியவேண்டும். "நல்ல ஓலை" என்றால் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். கடகம் மாதிரிப் பாரம் தாங்கும் சாமானுக்கு விரிந்து பச்சை ஏறிய சாரோலை. வெள்ளையாக, மழமழவென்று, விரலுக்கு வளைகிற பெட்டிக்குக் குருத்தோலை; மடக்கிய விசிறி போல இன்னும் பிரியாமல் நடுவில் நிமிர்ந்து நிற்பது. "குருத்து எல்லாத்தையும் வெட்டிப் போட்டுடுங்கண்ணே" என்று தாராளமாகச் சொல்லிவிடாதீர்கள். பனைக்குத் தென்னையைப் போலவே வளர்முனை ஒன்றே ஒன்று. அது போனால் மரம் போயிற்று. ஒரு பனை புதிதாக விடுகிற ஓலை மாதத்துக்கு ஏறத்தாழ ஒன்று. ஆகவே எந்த மரத்தில் எதை எடுப்பது, எதை விடுவது என்பது ஏறியவர் முடிவு. கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அதில் ஓட்டு இல்லை.

ஓலை வந்துவிட்டது. முடைய உட்கார்ந்துவிடலாம் என்று பாயை விரிப்பீர்கள். பாயைச் சுருட்டி வைத்துவிடுங்கள். ஓலை காயவேண்டும். நன்றாக வெயில் அடிக்கிற நாட்களாகப் பார்த்து விரித்துப் போட்டு, பச்சை வாடை போய், வெளுத்து, தொட்டால் சலசலக்கிறவரைக்கும் காயவேண்டும். மழை வந்தால் ஓடிப்போய் எடுக்கவேண்டும். ஒரு தூறல் பட்டால் கறுப்புப் புள்ளி விழுந்து பூஞ்சணம் பிடிக்கும். நீங்கள் அலுவலகத்தில் இருப்பீர்கள். எடுப்பதற்கு வீட்டில் யாராவது சும்மா இருக்கவேண்டும். இந்த 'சும்மா'வைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் விலை பேசும்போது தேவைப்படும்.

காய்ந்த ஓலையில் முடைய முடியாது, ஒடியும். எனவே காய்ந்ததை மறுபடி பதப்படுத்தவேண்டும். ராத்திரி முற்றத்தில் போட்டுப் பனியில் நனையவிடுவார்கள்; இல்லையென்றால் தண்ணீர் தெளித்து ஈரத் துணியில் சுற்றி வைப்பார்கள். காயவைத்ததை ஏன் நனைக்கவேண்டும், நனைப்பதை ஏன் காயவைத்தீர்கள் என்று தர்க்கம் பேசுகிறவர்களுக்கு இந்தத் தொழிலில் இடமில்லை. பச்சையாக முடைந்தால் பிறகு சுருங்கி, பின்னல் இளகி, பெட்டி சல்லடையாகும். காய்ந்தது முதலில் சுருங்கித் தீர்த்துவிடுகிறது. ஈரம் அதை வளையவைக்க மட்டும்தான். ஈரம் கூடினால் கீற்று வழுக்கும், குறைந்தால் மடிப்பில் வெடிக்கும். எவ்வளவு ஈரம் என்று கேட்டால் ஆச்சி ஒரு கீற்றை எடுத்து விரலில் சுற்றிக் காட்டுவார். அளவு அதுதான். அதை மில்லிலிட்டரில் எழுதிக்கொள்ள நோட்டுப் புத்தகம் எடுத்தீர்களானால் ஆச்சி மரியாதைக்காகக் காத்திருப்பார்.

ஓலையின் ஒவ்வொரு மடிப்பின் நடுவிலும் ஒரு ஈர்க்கு ஓடும். அதை உரிக்கவேண்டும். உரித்தால் மடிப்பு இரண்டு தகடாகப் பிரியும். ஈர்க்கை எறியாதீர்கள், வாய் கட்டுவதற்கு வேண்டும், விளக்குமாற்றுக்கு வேண்டும். பிரித்த தகட்டைக் கீற்றுக் கீற்றாகக் கிழிப்பதுதான் அடுத்தது. பெட்டியின் முழு மானமும் இங்கேதான் இருக்கிறது. ஒரே அகலம். அடியிலிருந்து நுனிவரை ஒரே அகலம். ஓலையோ அடியில் அகன்று நுனியில் குறுகுவதையே ஆயுள் லட்சியமாகக் கொண்டது. உங்கள் கீற்று ஒரு முனையில் நாடாவாகவும் மறுமுனையில் நூலாகவும் வரும். கத்தி சரியில்லை என்பீர்கள். ஆச்சி கத்தியே வைத்திருக்கவில்லை என்பதை அப்போது கவனிப்பீர்கள். கட்டைவிரல் நகத்தை ஓலையில் பதித்து, மறுகையால் இழுக்கிறார். 'சர்ர்' என்று ஒரு சத்தம். நகத்தின் ஓரத்தில் வருடக்கணக்கில் ஓலை ஓடி ஒரு பள்ளம் விழுந்திருக்கும். கீற்று அந்தப் பள்ளத்துக்குள் ஓடுகிறது, அகலம் அதுவே பார்த்துக்கொள்கிறது. இந்தக் கருவி கடையில் கிடைக்காது. ஆன்லைனில் கிடைக்கிறதா என்று தேடிப்பார்க்க ஆசைப்பட்டால், அடுத்த ஓலை நனைகிற நேரத்தில் தேடலாம்.

சாயம் வேண்டுமென்றால் கொதிக்கிற தண்ணீரில் சாயப்பொடி போட்டுக் கீற்றை முக்கி எடுத்து நிழலில் காயவைக்கவேண்டும். கத்தரிப்பூ நிறமும் கிளிப்பச்சையும் கண்ணைப் பறிக்கிற சிவப்பும்தான் ஊர் வழக்கம். உங்களுக்கு அது பிடிக்காது. சாம்பல், மணல், வெளிறிய நீலம் என்று கேட்பீர்கள். ஆச்சிக்கு அதெல்லாம் சாயம் போன நிறம்.

ஆச்சி யார் என்று சொல்லவில்லையே. கற்றுக்கொள்ள இரண்டு இடம் உண்டு. நகரத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கிற பயிலரங்கு ஒன்று. அங்கே ஏசி உண்டு, எலுமிச்சைப்புல் டீ உண்டு, கிழித்து நனைத்துக் கட்டுக்கட்டாக வைத்த கீற்று உண்டு. யார் கிழித்தது என்று யாரும் கேட்பதில்லை. இரண்டு மணி நேரத்தில் புத்தகத்துக்குள் வைக்கிற ஓர் அடையாளப் பட்டை முடைந்துகொண்டு, சான்றிதழோடு வெளியே வரலாம். தூத்துக்குடி கடற்கரை ஊர்களில் குருத்தோலை ஞாயிறன்று கோயிலுக்குள் உட்கார்ந்தபடியே சின்னப் பிள்ளைகள் ஓலையில் சிலுவை மடிப்பார்கள், மணி மடிப்பார்கள், பூசை முடிவதற்குள் முடித்தும் விடுவார்கள். அவர்களுக்குச் சான்றிதழ் கிடையாது; சத்தம் போடாதே என்று ஓர் அதட்டல் மட்டும் கிடைக்கும்.

இன்னொரு இடம் ஆச்சியின் திண்ணை. அங்கே போனால் முதல் அரைமணி நேரம் ஓலையைப் பற்றிப் பேச்சே இருக்காது. "எங்கேருந்து வாறிய? அப்பா அம்மா இருக்காவளா? பிள்ளைய எத்தன?" என்று விசாரணை நடக்கும். கலர் வாங்கிவர ஒரு பேரனை அனுப்புவார். நீங்கள் வேண்டாம் என்பீர்கள். அவன் அதற்குள் பாதி வழி போயிருப்பான்.

"ஆச்சி, பெட்டி முடையக் கத்துக்கணும்னு வந்தேன்."

"எதுக்கும்மா?"

இந்தக் கேள்விக்குப் பதில் தயார் செய்துகொண்டு போங்கள். 'கைவினை மரபை மீட்டெடுக்க' என்று சொன்னால் அவருக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்து இரண்டாம் முறை சத்தமாகச் சொல்லவேண்டி வரும். 'சும்மா, ஆசையா இருக்கு' என்றால் போதும்.

"ஆசைக்கா? எங்கம்மா அடிச்சில்லா சொல்லிக்குடுத்தா" என்று சிரித்துக்கொண்டே நாலு கீற்றை எடுத்துப் போடுவார்.

இப்போது நிஜமாகவே முடையப் போகிறோம். நாலைந்து கீற்றைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி, குறுக்கே அதே எண்ணிக்கைக் கீற்றை ஒன்றின் மேல், ஒன்றின் கீழ் என்று கோக்கவேண்டும். இதை ஒன்றாம் வகுப்பில் காகிதத்தில் செய்திருப்பீர்கள். செய்ததும் ஒரு சதுரம் வரும். தன்னம்பிக்கை பிறக்கும். 'இவ்வளவுதானா?' என்று ஒரு புகைப்படம் எடுப்பீர்கள். எடுத்துக்கொள்ளுங்கள், இனிமேல் நேரமிருக்காது.

அடுத்தது மூலை திருப்புவது. சதுரத்துக்கு நாலு மூலை இருக்கிறது, அதை மடித்து நிமிர்த்தினால் பெட்டி என்றுதான் எந்தப் படித்த மூளையும் நினைக்கும். குறுக்குச் சாய்வாக ஏறுகிற ஓலைப்பெட்டியில் மூலை அங்கே இல்லை. சதுரத்தின் ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவில் இருக்கிறது. பக்கத்தின் நட்டநடுவில் இருக்கிற இரண்டு கீற்றை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கே போட்டதும், தட்டையாகக் கிடந்தது சட்டென்று எழுந்து உட்காரும். நீங்கள் மூலை என்று நினைத்த இடமெல்லாம் சுவரில் ஏறிவிடும். இதைப் பத்து தடவை பார்த்தாலும் எந்த நொடியில் நடந்தது என்று தெரியாது. ஆச்சி அந்த நொடியில் கோழியை விரட்டிக்கொண்டிருப்பார், அல்லது டிவி சீரியலில் மருமகளைத் திட்டிக்கொண்டிருப்பார். கை தன்பாட்டில் போகும். "மெதுவாச் செய்யுங்க ஆச்சி" என்று கேட்டால் முயன்று பார்ப்பார். மெதுவாகச் செய்யும்போது அவருக்கே தப்பும். "நீங்க பேசாம இருந்தியன்னா சரியா வரும்மா" என்பார். அடி சதுரமாகவும் வாய் வட்டமாகவும் முடிவது எப்படி என்பதற்கு விடையும் இதற்குள்ளேயே இருக்கிறது. வீடியோ எடுத்து வைத்துக்கொண்டு வீட்டில் நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். வீடியோவில் ஆச்சியின் புறங்கை தெரியும்.

சுவர் ஏறியபிறகு கொஞ்ச நேரம் நிம்மதி. ஒரே வேலை, ஒரே தாளம். முதுகு வலிக்கும். சம்மணம் போட்ட கால் மரத்துப்போகும். கீற்று தீர்ந்தால் புதுக் கீற்றைப் பழையதன்மேல் வைத்து ஒட்டு தெரியாமல் ஓட்டவேண்டும்; உங்கள் ஒட்டு தெரியும். உயரம் போதும் என்று தோன்றியதும் வாயில் கீற்றை மடக்கி, வந்த வழியே பின்னலுக்குள் திரும்ப நுழைத்து இறக்கவேண்டும். அப்போதுதான் சுவர் இரட்டையாகும், பெட்டி நிற்கும். அதாவது ஏறியதைப் போலவே இறங்கவும் வேண்டும். பாதிப்பேர் இங்கே நுனியைக் கத்தரித்துவிட்டு எழுந்துவிடுவார்கள். கடைசியில் எடுத்து வைத்த ஈர்க்கை வாயைச் சுற்றி வைத்து ஓலையால் பொத்தவேண்டும். கடகமாக இருந்தால் ஈர்க்கு தாங்காது. பனைமட்டையிலிருந்து உரித்த நாரால் வாயும் அடியும் பொத்துவார்கள். நெல்லை அதில் அள்ளித்தான் களத்திலிருந்து தலையில் தூக்கிப் போனார்கள். நீங்கள் தொலைக்காட்சி ரிமோட்டை வைக்கப்போகிறீர்கள். ஈர்க்கு போதும்.

முடைவது முடியாது என்று பட்டால் கௌரவமான பின்வாசல் ஒன்று உண்டு: பட்டை மடிப்பது. பதநீர் குடிக்க ஒரே ஒரு ஓலையை மடித்துக் குழிவாக்கிக் கட்டுகிற சமாச்சாரம். ஒரு நிமிடத்தில் முடியும். அதுவும் ஒழுகும், ஆனால் ஒழுகுவதற்குள் குடித்துவிடலாம்.

இப்போது விலைக்கு வருவோம். கற்றுக்கொள்ள வந்தவர் ஒரு பெட்டியாவது விலைக்கு வாங்கிப் போவதுதான் மரியாதை. ஆச்சி எண்பது ரூபாய் என்றால் நீங்கள் "ஓலைதானே?" என்று ஆரம்பிக்கலாம். இது எல்லோரும் செய்வது. இன்னும் நாசூக்கான வழி, "வீட்ல சும்மா இருக்கிற நேரத்துலதானே முடையிறீங்க?" என்பது. இந்தச் 'சும்மா' அபாரமான கருவி. நகத்தைவிடக் கூர்மை. வெயில் பார்த்துக் காயப்போட்டதும், தூறலுக்கு ஓடி எடுத்ததும், ராத்திரிப் பனிக்கு வெளியே போட்டு விடிவதற்குள் எடுத்ததும், கிழித்ததும், முடைந்ததும் அந்த ஒரு சொல்லில் விழுந்து காணாமல் போய்விடும். அறிக்கை எழுதுகிறவர்களிடம் இதற்கே இன்னும் வெள்ளையான ஒரு வாசகம் உண்டு: 'பெண்கள் தங்கள் ஓய்வு நேரத்தில் ஈட்டும் கூடுதல் வருமானம்.' எந்த ஓய்வு என்று மட்டும் அந்த வீட்டில் கேட்டுவிடாதீர்கள். தென்மாவட்டத்தில் பெட்டிக்குப் போட்டி பிளாஸ்டிக் டப்பா என்றுதான் நாம் பேசுகிறோம். அந்தத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தால் போட்டி பீடி இலை என்று தெரியும். பீடி சுற்றினால் ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கணக்கு உண்டு, வாரக் கடைசியில் கையில் காசு உண்டு, இலையும் தூளும் கம்பெனியே தருகிறது. மழை பார்க்கவேண்டியதில்லை, பனையேறியைத் தேடவேண்டியதில்லை. ஆச்சியின் மருமகள் பக்கத்துத் தூணில் சாய்ந்துகொண்டு பீடிதான் சுற்றிக்கொண்டிருப்பார். நூறு நாள் வேலை இருக்கிற நாட்களில் அதுவும் இல்லை. அவருக்கும் பெட்டி முடையத் தெரியும், மூலை திருப்புவதில் மாமியாரைவிடக் கெட்டிக்காரி. "அது கட்டாதுக்கா" என்று நிமிராமலே சொல்லிவிடுவார். அதை உங்கள் குறிப்பேட்டில் எழுதவேண்டாம். மரபை மீட்கிற கட்டுரைக்கு அது பொருந்தாது.

எப்படியானாலும் எண்பதை அறுபதுக்குக் கொண்டுவந்துவிடுவீர்கள் என்ற நம்பிக்கை எனக்கு இருக்கிறது. பட்டணத்துக் கடையில் அதே பெட்டி, வாயில் சணல் கயிறும் ஒரு பழுப்புக் காகிதச் சீட்டும் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அங்கே விலை பேசுவது அநாகரிகம்.

வீட்டுக்குக் கொண்டுவந்தபின் பராமரிப்பு பற்றிச் சில வார்த்தை. தண்ணீர் படக்கூடாது. மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடித்தால் உலர்ந்த துணியால் துடைத்து வெயிலில் வைக்கவேண்டும். ஊரில் இதற்கென்று யாரும் தனியாக மெனக்கெட்டதில்லை. அடுப்புக்கு மேலே பரணில் கிடந்தது, விறகுப் புகை பூச்சியையும் பூஞ்சணத்தையும் பார்த்துக்கொண்டது. உங்கள் வீட்டில் புகை வந்தால் அலாரம் அடிக்கும். ஆகவே ஒரு நல்ல பாலிதீன் உறை வாங்கிப் பெட்டியை அதற்குள் போட்டுக் கட்டி வைத்துவிடுங்கள். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறிகிற பதினான்கு வகைப் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. நீங்கள் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியப் போவதில்லை. பல வருடம் அப்படியே வைத்திருக்கப் போகிறீர்கள்.

கடைசியாக மூடி. பெட்டி என்றால் மூடி உண்டு. அடிப்பெட்டியைப் போலவே இன்னொரு பெட்டி முடையவேண்டும், ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு கீற்று கூட்டி. தொளதொளக்கவும் கூடாது, இறுகவும் கூடாது, கவிழ்த்தால் கழன்று விழக்கூடாது. நீங்கள் கையை உதறிக்கொண்டு எழுந்து மீன்குழம்புச் சாப்பாட்டுக்குப் போனபோது ஆச்சி இதைச் சொல்லிக்கொண்டிருந்தார். திரும்பி வந்தபோது கீற்று தீர்ந்திருந்தது. நீங்கள் முடைந்த அடிப்பெட்டியும் அளவில் எந்த மூடிக்கும் அடங்குவதாக இல்லை. ஆச்சி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒரு பக்கத்தை முழங்காலில் வைத்துத் தட்டி, தன் கட்டிலிருந்து நாலு கீற்றை உருவி, பஸ் வருவதற்குள் ஒரு மூடியை முடைந்து கவிழ்த்துவிடுவார். பொருந்தும். மூடிக்குத் தனியாக எவ்வளவு என்று கேளுங்கள்.

"பெட்டிக்குத்தான் விலைம்மா. மூடி அதோட சேத்தி" என்பார்.

அப்படியானால் கணக்கு எளிது. பெட்டியை முடைந்தது நீங்கள். மூடிக்கு விலை கிடையாது. நீங்கள் தரவேண்டியது ஒன்றுமில்லை, பஸ்ஸும் வந்துவிட்டது.